பொலோனாவின் அயல்நாட்டு மாணவர்கள்

12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரோமானியச் சட்டத்தை முறையாகப் படிக்க விரும்பியவர்கள் வட இத்தாலியின் பொலோனா நகரை நாடினார்கள். ஜஸ்டினியன் பேரரசரின் சட்டத் தொகுப்புக்கு வரிவரியாக உரை சொல்லி இர்னேரியஸ் அங்கே தொடங்கிவைத்த பாடம், ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் ஆட்களை வரவழைத்தது. வந்தவர்களில் பலர் இருபது வயதைக் கடந்தவர்கள். திருச்சபையில் பதவியும் வருமானமும் உள்ளவர்கள். ஆனாலும் பொலோனாவில் அவர்கள் குடியுரிமை இல்லாத அந்நியர்கள்தான். ஒருவன் கடனை அடைக்காமல் போனால், அவன் ஊரிலிருந்து வந்த வேறொருவனைப் பிடித்து வசூலிப்பது அக்கால வழக்கம். பேரரசர் முதலாம் பிரெடரிக் 1150களில் வழங்கிய சாசனம், மாணவர்களை இப்படிப் பிடிக்கக்கூடாது என்று தடுத்தது. வழக்கு என்று வந்தால் தம் ஆசிரியரிடமோ ஆயரிடமோ விசாரணை கேட்கும் உரிமையையும் தந்தது.

சாசனம் தூரத்தில் இருந்த பேரரசருடையது. அன்றாடம் வீட்டுக்காரனோடும் வட்டிக்காரனோடும் மல்லுக்கட்ட அது மட்டும் போதவில்லை. ஆகவே மாணவர்கள் நாடுவாரியாகக் குழு சேர்ந்தார்கள். ஜெர்மானியர், ஆங்கிலேயர், ஹங்கேரியர், போலந்துக்காரர், காட்டலோனியர் என ஒவ்வொருவருக்கும் ஒரு குழு. மலைக்கு அப்பாலிருந்து வந்தோர் ஒரு சங்கம், இத்தாலியின் பிற பகுதியினர் மற்றொரு சங்கம்; ஒவ்வொன்றுக்கும் மாணவர்களே தேர்ந்தெடுத்த ஒரு தலைவர். பொலோனாவின் சட்டப் பல்கலைக்கழகம் என்பது இந்தச் சங்கங்கள்தான். உள்ளூர் மாணவர்களுக்கு அவற்றில் முழு உறுப்புரிமை இல்லை. சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு அந்தக் காவல் தேவைப்படவுமில்லை.

சங்கம் முதலில் கைவைத்தது வீட்டு வாடகையில். பல்கலைக்கழகத்துக்கு என்று விடுதி கிடையாது. சில மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். சங்கத்தின் சார்பிலும் நகரத்தின் சார்பிலும் நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர்கள் வாடகையை நிர்ணயித்தார்கள். மீறிக் கேட்ட உரிமையாளரின் வீட்டில் எந்த மாணவனும் குடியேறக்கூடாது என்று தடை விழும். மாணவர்களை நம்பியே வாடகைக்கு விடும் ஊரில் அந்தத் தடைக்குப் பல் இருந்தது.

ஆசிரியர்களும் தப்பவில்லை. தொடக்கத்தில் அவர்களுக்கு நகரம் ஊதியம் தரவில்லை. மாணவர்கள் திரட்டித் தந்த பணமே வருமானம். அதனால் விதிகளையும் மாணவர்களே வகுத்தார்கள். புனித பீட்டர் பேராலயத்தின் காலைமணி ஒலித்ததும் வகுப்பு தொடங்க வேண்டும். முற்பகல் வழிபாட்டு மணி அடித்தால் பாதி வாக்கியமானாலும் நிறுத்த வேண்டும். தாமதத்துக்கு அபராதம் உண்டு. ஒருநாள் விடுப்புக்கும் அனுமதி பெற வேண்டும். முக்கிய வகுப்புக்கு ஐந்து பேர்கூட வராவிட்டால், ஆசிரியரே வராததாகக் கருதித் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டநூல் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, எந்தப் பகுதி எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டது. கடினமான இடங்களைத் தள்ளிப்போட்டு ஆண்டிறுதியில் விட்டுவிடும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து. இன்றைய மாணவர் எவருக்கும் கிட்டாத அதிகாரம் இது. செலவழித்து வந்தவர்கள் பாடத்தை எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதையும் இது சொல்கிறது.

புத்தகம்தான் பெரிய செலவு. அச்சு வருவதற்கு முந்தைய காலம். தோலில் கையால் எழுதிய ஒரு சட்டநூலின் விலை சாதாரண மாணவனுக்கு எட்டாதது. இதற்குப் பொலோனா கண்ட வழி அழகானது. நூல்வணிகர் சரிபார்த்த மூலப்பிரதி ஒன்றைத் தைக்காமல் தனித்தனிக் கட்டுகளாக வைத்திருப்பார். மாணவன் ஒரு கட்டை வாடகைக்கு எடுத்து, தானோ கூலிக்கு எழுதுபவரோ படியெடுத்து முடித்ததும், அதைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்குவான். ஒரே நூலைப் பலர் ஒரே சமயத்தில் எழுத முடிந்தது. கட்டுக்கு 16 பத்திகள், பத்திக்கு 62 வரிகள், வரிக்கு 32 எழுத்துகள் என்று அளவு வகுத்திருந்ததால் வாடகையில் ஏமாற்ற இடமில்லை. இரு சங்கங்களிலிருந்தும் மூன்று மூன்று பேராக ஆறு பேர் மூலப்பிரதிகளின் பிழைகளைச் சோதித்தார்கள். முடிந்த புத்தகம் படிப்புக்கும் உதவியது, அவசரத்துக்கு அடகுக்கும் உதவியது. 1265 முதல் நகரம் பராமரித்த ஒப்பந்தப் பதிவேடுகளில் மாணவர்களின் கடனும் புத்தக விற்பனையும் ஏராளம்.

பணத்தட்டுப்பாடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. கடிதக்கலை கற்பித்த பொன்கொம்பாஞோ 1215இல் பொலோனாவில் அரங்கேற்றிய நூலில், மாணவர் வாழ்க்கையின் பல சந்தர்ப்பங்களுக்கான மாதிரிக் கடிதங்கள் உள்ளன. வீட்டில் பணம் கேட்பதும் அவற்றில் ஒன்று. சட்ட ஆசிரியர் ஒடொஃப்ரெதுஸ் ஓராண்டு வகுப்பை முடிக்கையில், மாணவர்கள் ஒழுங்காகப் பணம் கொடுப்பதில்லை என்பதால் அடுத்த ஆண்டு பிற்பகல் பாடம் நடத்தப் போவதில்லை என்று அறிவித்தார். 1496இல் திருச்சபைச் சட்டம் படிக்க வந்த கோப்பர்னிக்கஸின் பெயர் ஜெர்மானியக் குழுவின் ஏட்டில் இருக்கிறது. பின்னால் அவருடைய அண்ணனும் வந்து சேர்ந்தார். 1499இல் இருவர் கையிலும் காசில்லாமல் போக, கடன் வாங்கிச் சமாளித்தார்கள். அதைத் தீர்க்கும் பொறுப்பு ஆயராக இருந்த தாய்மாமன் தலையில் விழுந்தது.

நகர ஆட்சியோடு மோதல் வந்தால் மாணவர்களின் கடைசி ஆயுதம் ஊரைக் காலிசெய்வது. கட்டடம் எதுவும் சொந்தமில்லாததால் கிளம்புவது எளிது. 1222இல் அப்படிப் பிரிந்தவர்களால் படுவா பல்கலைக்கழகம் உருவானது. 1321இல் ஒரு மாணவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது பெரும் கூட்டம் சியெனாவுக்குப் போய்விட்டது. நகரம் விழித்துக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அது ஆசிரியர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியிருந்தது. படிப்படியாக நியமன அதிகாரமும் அதன் கைக்குப் போனது. 1563இல் ஆர்க்கிஜின்னாசியோ மாளிகை எழுந்து, சிதறிக்கிடந்த வகுப்புகள் ஒரே கூரைக்குள் வந்தன. அதன் சுவர்களில் மாணவர்களின் குலச்சின்னங்கள் சுமார் 6,000 உள்ளன. கூடவே பிறந்த நாட்டின் பெயரும் பொறித்திருக்கும். கர்தினால் அல்போர்னோஸ் 1364இல் எழுதிய உயிலின்படி ஸ்பானிய மாணவர்களுக்காகக் கட்டிய கல்லூரி மட்டும் அதே பணியை இன்றும் அதே இடத்தில் செய்துவருகிறது.