ஊசியின் பெருமை

ஊசியை அற்பமாக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

1894 ஜூன் 24-ந் தேதி, பிரான்ஸில் லியோன் நகரில் ஜனாதிபதி கார்னோ கத்திக்குத்துப் பட்டார். ஈரலுக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய் அறுந்தது. அதைத் தைக்க எந்த ரண வைத்தியருக்கும் தெரியவில்லை; நள்ளிரவுக்குப் பின் உயிர் பிரிந்தது.

துணியைத் தைக்கிறபோது குழாயைத் தைக்க முடியாதா? இந்த எண்ணம் இளம் வைத்திய மாணவர் அலெக்ஸி காரெலைக் குடைந்தது. அவ்வூர்ச் சித்திரத் தையல்காரி ஒருத்தியிடம் போய் நுண்ணிய ஊசி பிடிக்கக் கற்றார். குழாயின் வாயை மூன்று தையலால் இழுத்து முக்கோணமாக்கினால், வட்ட விளிம்பு நேர்க்கோடாகிவிடும், தைப்பது சுலபம். 1902-ல் தம் முறையை வெளியிட்டார்.

சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவருக்கு உத்தியோகம் கிட்டவில்லை. 1904-ல் கடல் கடந்தார். 1912-ல் நோபல் பரிசு பெற்றார்.

நியாயந்தான். ஆனாலும் திண்ணையில் என் மனைவி ரவிக்கைக்குக் காஜா எடுக்கும்போதெல்லாம், அந்தத் தையல்காரிக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.