கூழடுதலும் சப்பானியக் குருதிப் படங்களும்

ஆம்பூர்ப் பகுதி மாணவியர்க்குக் கலிங்கத்துப்பரணியின் கூழடுதல் பகுதியை நடத்துகையில், முதலாண்டுகளில் நான் கூசியதுண்டு. அவர்கள் கூசவில்லை. தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகள், "யானையின் எலும்பெல்லாம் பயன்பட்டனவே, தோல் என்னாயிற்று அம்மா?" என்று வினவினாள். முழுத்தோல் போர்த்த புத்தப் பேயொன்று பந்தியில் அமர்வதைக் காட்டினேன். நிறைவுற்றாள்.

செயங்கொண்டார் முதற் குலோத்துங்கன் (1070–1120) காலத்தவர். கருணாகரத் தொண்டைமானின் கலிங்கப் போர் முடிந்ததும் பசித்த பேய்கள் களத்தில் இறங்குகின்றன. யானை மருப்பால் பல் துலக்கி, அதன் விலா எலும்பால் நாக்கு வழித்து, வீழ்ந்த வீரரின் பற்களை அரிசியாக்கி, முரசையே உரலாக்கிக் குற்றுகின்றன. நீராடல், சமையல், பந்தி பரிமாறல் என நம் வீட்டு ஒழுங்கு அத்தனையும் அங்குண்டு. அதனாலேயே அச்சமும் நகையும் ஒருசேர எழுகின்றன.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சப்பானில் நரகச் சுருளோவியங்கள் தீட்டப்பட்டன. நாரா அருங்காட்சியகத்துச் சுருளில் பூதங்கள் மனிதரை இரும்பு எந்திரத்திலிட்டு அரைக்கின்றன. அது பாவத்திற்குத் தண்டனை. பரணியிலோ வெறும் பசி. நொபுவோ நகாகவா 1960இல் நரகத்தைத் திரையிற் காட்டிய 'ஜிகோகு' சுருளின் வழியது. நொபுஹிகோ ஒபயாஷியின் 'ஹவுஸ்' (1977) எனக்குப் பரணியின் உறவாகவே படுகிறது. போருக்குச் சென்று மீளாத காதலனுக்காகக் காத்திருந்தே மாண்ட பெண்ணின் ஆவி, விடுமுறைக்கு வந்த கன்னியரை உண்கிறது. பியானோ ஒருத்தியை விரல்முதல் கடித்து விழுங்குகிறது, பார்ப்போர் சிரிக்கின்றனர்! பித்தர் கூத்தென இதனை ஒதுக்குவோர், போர் விட்டுச்சென்ற பசியைக் காணத் தவறுகின்றனர்.

ஷின்யா சுகமோட்டோவின் 'டெட்சுவோ' (1989) வேறு வகை. அதில் போரில்லை. அலுவலகம் செல்லும் சாதாரண மனிதனின் தசையைக் கிழித்து இரும்பு முளைக்கிறது. கறுப்பு வெள்ளையில் அறுபத்தேழு நிமிடம்; தொழில்நகரின் பொருள் மனித உடலுக்குள் புகுவதே கதை.

அதைக் கண்டபோது என் நினைவு இராணிப்பேட்டைக்கே சென்றது. 2015 சனவரி 31 அன்று, தோல் கழிவுநீர்ச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பரணி பயின்ற நம் வட்டத்தில் அதை இன்றுவரை எவரும் பாடவில்லை, நானும் எழுதவில்லை.