ஊர்க் கணக்கைக் கேட்கும் வயது: தருமபுரி மாவட்டத்தில் பொறுப்புக்கூறலின் வரலாறு

தருமபுரி மாவட்ட உள்ளாட்சியின் வரலாற்றைச் சட்டங்கள் பிறந்த ஆண்டுகளாகவும் ஒன்றியங்கள் பிரிந்த ஆண்டுகளாகவும் மட்டும் எழுதினால், ஊர்ப் பொதுப்பணத்தின் கணக்கை யார் எழுதினர், யார் முன் வைத்தனர், அதைப் பற்றிக் கேள்வி கேட்க எந்த வயதில், எந்தப் பிறப்பினருக்கு உரிமை இருந்தது என்ற முதன்மையான கேள்வி விடுபட்டுவிடும். அக்கேள்வியைப் பின்தொடர்ந்தால், கணக்குக் கேட்கும் உரிமை அரசரிடமிருந்து அதிகாரிக்கும், அதிகாரியிடமிருந்து வாக்காளருக்கும் மெல்ல இறங்கி வந்ததும், இளைஞரின் கைக்கு அது மிக அண்மையில்தான் எட்டியதும், எட்டிய பின்னரும் தேர்தல் நடவாத நீண்ட இடைவெளிகளால் பலமுறை பறிபோனதும் தெரியவரும்.

தகடூர் என்னும் பழம்பெயரோடு அதியமானின் தலைநகராக விளங்கிய இந்நிலப்பகுதியில், ஊருக்காக ஒருவர் செய்த செயலைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பகைவர் கவர்ந்த கால்நடைகளை மீட்கும் பூசலில் இறந்த வீரரின் உருவத்தையும் பெயரையும் தாங்கிய நடுகற்கள் இம்மாவட்டத்திலும் அண்டையிலுள்ள செங்கம் பகுதியிலும் பெருமளவில் கிடைத்துள்ளன. ஊரைக் காத்தவனை அவை போற்றுகின்றன. ஊரை ஆண்டவன் யாருக்குப் பதில் சொன்னான் என்பதை அவற்றிலிருந்து அறிய இயலாது. அதற்கான சான்றுக்குத் தொண்டைமண்டலத்து உத்திரமேரூருக்குச் செல்ல வேண்டியுள்ளது. முதற்பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், வாரியங்கள் எனப்பட்ட ஊர்க் குழுக்களுக்குக் குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில், உறுப்பினரைத் தெரிவதற்கான விதிகளை வகுத்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவு செய்யப்படக் கூடாது என்ற விதி, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் வியப்பளிக்கும் கண்டிப்புடையது. ஆனால் அது பிராமணர் குடியிருந்த பிரமதேய ஊரின் சபை. நிலமும் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடமிருந்தது. வயது வரம்போ முதற்கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்து, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என உயர்த்தப்பட்டது. கணக்கைப் பற்றி அத்தனை விழிப்போடு இருந்த சபையே இளையோருக்கான வாயிலை மேலும் ஒடுக்கிக்கொண்டது.

தருமபுரியின் ஊர்க் கணக்குகளைப் பற்றித் தொடர்ச்சியான எழுத்துச் சான்று கிடைப்பது 1792-க்குப் பிறகுதான். அவ்வாண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் என்னும் இந்நிலப்பகுதியைத் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியிடம் அதன் வருவாய் நிர்வாகத்தை ஒப்படைத்தது. அவருடைய உதவியாளருள் ஒருவரான தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஆளுநரானவர், முப்பதைத் தாண்டிய வயதில் தருமபுரியில் தங்கி 1799 வரை பணியாற்றினார். ஜமீன்தார் போன்ற இடையாள் இன்றி ஒவ்வொரு உழவரிடமும் அரசே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை உருப்பெற்ற களங்களுள் பாராமகால் முதன்மையானது. சில ஆண்டுகளிலேயே கம்பெனி மனம் மாறி, 1802-க்கும் 1805-க்கும் இடையில் சேலம் மாவட்ட நிலங்களை மிட்டாக்களாக, அதாவது ஏலத்தில் விற்கப்பட்ட வரித்தொகுதிகளாகப் பிரித்தபோதும், அந்த ஏற்பாடு பல இடங்களில் நிலைக்கவில்லை; ரயத்துவாரியே மீண்டும் பரவலான முறையாயிற்று.

இடையாளை நீக்கிய அந்த முறை, உழவருக்கும் அரசுக்கும் நடுவே கர்ணம் என்ற ஒருவரை முன்னிலும் வலிமையோடு அமர்த்தியது என்பதை வரலாற்றாசிரியர் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்குப்பிள்ளை என்றும் வழங்கிய கர்ணத்தின் பொறுப்பில்தான் அடங்கல் என்னும் சாகுபடிக் கணக்கும், எவர் பெயரில் எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை என்று காட்டும் சிட்டாவும் இருந்தன. வரி தண்டுபவர் மணியக்காரர். அவருக்குக் கீழே தலையாரி. எல்லாம் பரம்பரைப் பதவிகள். எழுத்தறியாத உழவர் தம் பெயருக்கு நேரே எழுதப்பட்டது என்ன என்பதைச் சரிபார்க்க வழியில்லாதபோது, அந்தக் கணக்கைக் கேட்டவர் ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தி நடத்த வந்த மேலதிகாரி ஒருவரே. ஜமாபந்தி என்பது ஜூலை முதல் நாளில் தொடங்கும் பசலி ஆண்டின் கிராமக் கணக்குகளை வருவாய்த் துறையினர் தணிக்கை செய்து முடிக்கும் நிகழ்வு. வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில் வட்டாட்சியர் அலுவலகங்களில் அது இன்றும் நடைபெறுகிறது. ஊரின் கணக்கு ஊருக்கு வெளியே, மேல்நோக்கிச் செல்வது என்ற பழக்கம் அப்போது வேரூன்றியது. அதன் நிழல் பின்வந்த உள்ளாட்சி அமைப்புகள் அனைத்தின் மீதும் படிந்தது.

ரிப்பன் பிரபுவின் அரசு 1882-இல் வெளியிட்ட தீர்மானம், உள்ளாட்சியின் நோக்கம் நிர்வாகத் திறனைக் கூட்டுவதைக் காட்டிலும் மக்களுக்கு அரசியல் கல்வி அளிப்பதே என்று வெளிப்படையாகச் சொன்னபோதும், அதைத் தொடர்ந்து வந்த 1884-ஆம் ஆண்டின் சென்னை மாகாண உள்ளாட்சிக் கழகச் சட்டமும் 1920-ஆம் ஆண்டின் சட்டங்களும் சொத்தும் வரியும் உடையவர்க்கே அந்தக் கல்வியை வைத்திருந்தன. வயது வந்தோர் அனைவரும் ஊராட்சிக்கு வாக்களிக்கும் நிலை 1950-ஆம் ஆண்டின் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்திற்குப் பிறகே உருவாயிற்று. அப்போதும் வாக்குரிமை வயது 21. பல்வந்த்ராய் மேத்தா குழுவின் பரிந்துரையை ஒட்டிக் காமராசர் ஆட்சியில் 1958-இல் இயற்றப்பட்ட சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைத் தோற்றுவித்தது. சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமானபோது, ஒன்றிய அலுவலகமே ஊர்ப்புற மக்கள் நேரில் கண்ட அரசாக இருந்தது.

இந்த வளர்ச்சி 1970-க்குப் பிறகு நின்றுபோனது. அவ்வாண்டுத் தேர்தலுக்கு அடுத்த ஊராட்சித் தேர்தல் 1986-இல்தான் தமிழ்நாட்டில் நடைபெற்றது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 1991-இல் முடிந்தபின், மீண்டும் 1996 வரை தேர்தல் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பதிலாக அரசு அமர்த்தும் அலுவலர்கள், ஊராட்சியை நடத்தினர். 1955-இல் பிறந்த ஒருவர் 1976-இல் வாக்குரிமை வயதை எட்டியிருந்தாலும், தம் ஊராட்சிக்கு முதன்முறை வாக்களித்தபோது அவருக்கு முப்பது வயது ஆகியிருக்கும். ஒரு தலைமுறையின் இளமை முழுவதும் ஊராட்சிக்கு வெளியே கழிந்தது என்பதை மாவட்டத்தின் அரசியல் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தருமபுரியிலும் வடஆர்க்காட்டிலும் நக்சல்பாரி இயக்கத்தைச் சார்ந்த இளைஞர்கள் கந்துவட்டிக்கும் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறைக்கும் எதிராகத் திரண்டதும், அவர்களுள் ஒருவரான பாலன் 1980 செப்டம்பரில் காவல்துறையின் பிடியில் உயிரிழந்ததும், அதன்பின் கடும் ஒடுக்குமுறை தொடர்ந்ததும் இதே ஆண்டுகளில்தான். அவ்வியக்கம் தேர்ந்துகொண்ட ஆயுத வழி ஏற்கத்தக்கதன்று. ஆயினும் ஊரின் அநீதியை ஊரிலேயே கேட்பதற்கான சட்டப்படியான அவை எதுவும் அப்போது அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை என்ற உண்மையும் பதிவாக வேண்டும்.

அதே 1980-இல், அவ்வளவாகப் பேசப்படாத மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. கிராமப் பதவிகள் பிறப்பால் வருவது அரசியல் சட்டத்தின் சமவாய்ப்பு உரிமைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே ஆந்திர வழக்கொன்றில் உணர்த்தியிருந்தது; எனினும் நடைமுறையில் அதே குடும்பங்களிடமே கணக்கு தங்கியிருந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 முதல் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தையும் ஒழித்து, தேர்வின் வழியாக அமர்த்தப்படும் கிராம நிர்வாக அலுவலர் பதவியை ஏற்படுத்தியது; உச்ச நீதிமன்றமும் 1982-இல் அதை உறுதி செய்தது. கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் தலைமுறை தலைமுறையாக இருந்த அடங்கலும் சிட்டாவும், பள்ளியிறுதி வகுப்பு முடித்து அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வில் வென்ற எந்தச் சாதியின் மகனுக்கும் மகளுக்கும் உரிய வேலையாயின. கணக்கைக் கேட்பதற்கு முன்பே கணக்கை எழுதுவதற்கான உரிமை இளைஞருக்குக் கிடைத்தது எனலாம்.

எழுதப்பட்ட கணக்கு மட்டுமே பொறுப்புக்கூறல் ஆகிவிடாது என்பதை இம்மாவட்டம் 1992-இல் கண்டது. அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில், சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி ஜூன் 20 அன்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் மலைவாழ் மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்புணர்வுக்கு உள்ளாக்கினர். அப்பெண்களுள் சிலர் பதின்பருவத்தைத் தாண்டாத சிறுமியர். அரசு முதலில் இக்குற்றத்தை மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நடத்திய வழக்காலும் போராட்டத்தாலும் 1995-இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இளம்பெண்களாக நீதிமன்றத்தை நாடியவர்கள் நடுவயதைக் கடந்த பின்னரே உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்டனர். மூன்று துறைகளின் பணியாளர்களை எதிர்த்து, மிரட்டலுக்கும் வறுமைக்கும் நடுவே சாட்சியத்தில் உறுதியாக நின்ற அப்பெண்களைத்தான், அதிகாரத்தைக் கணக்குக் கேட்ட இம்மாவட்டத்தவருள் முதன்மையானவராக வரலாறு வைக்க வேண்டும்.

வாச்சாத்தி வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே சட்டமும் மாறியது. வாக்குரிமை வயது அதற்கு முன்பே, 1989-இல், 18 ஆகக் குறைந்திருந்தது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டிய 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடமளித்தது. கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராகும் அவை. ஊராட்சி உறுப்பினராகப் போட்டியிட 21 வயது வேண்டும் என்றாலும், கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்க 18 வயது போதும். உத்திரமேரூரின் 35 எங்கே, இந்த 18 எங்கே! ஆண்டுக்கு நான்கு முறையாக, குடியரசு நாளிலும் மே நாளிலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும், நடந்துவந்த கூட்டங்களோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் பின்னர் சேர்ந்து ஆறாயின. 3,001 முதல் 10,000 வரை மக்கள் வாழும் ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

தருமபுரி மாவட்டத்தின் 251 ஊராட்சிகளில் அந்த எண்ணிக்கையை இளைஞரைக் கொண்டு நிரப்புவது எளிதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15,06,843 பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு. மானாவாரி நிலம் கைவிடும்போது இளையோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர்; கூட்டம் நடக்கும் நாளில் அவர்கள் ஊரில் இருப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விகளுக்கோ பஞ்சமில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் புளோரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டது. அந்த நீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைக் கேட்கத் தகுந்த இடம் கிராம சபைதான்.

இளைஞருக்கு வேலையாகவே தணிக்கையைக் கொடுத்தது ஊரக வேலை உறுதிச் சட்டம். நூறு நாள் வேலை என்று ஊரார் அழைக்கும் இத்திட்டத்தில் சமூகத் தணிக்கையை 2005-ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியது. அதற்கெனத் தமிழ்நாட்டில் 2013-இல் தனிச் சங்கமும் அமைந்தது. வேலை செய்வோரின் குடும்பங்களைச் சேர்ந்த, படித்த இளையோர் பயிற்சி பெற்று வேறு ஊராட்சிக்குச் செல்கின்றனர். சொந்த ஊராட்சியைத் தணிக்கை செய்ய விதி இடம் தருவதில்லை. வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களை வேலை அட்டைகளோடு வீடு வீடாக ஒப்பிட்டு, வெட்டிய குளத்தையும் போட்ட வரப்பையும் அளவு நாடாவால் அளந்து, இறந்தவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தால் அதையும் குறித்து, முடிவில் சிறப்புக் கிராம சபையில் உரக்கப் படிக்கின்றனர். ஜமாபந்தியில் ஊருக்கு வெளியே மேலதிகாரி பார்த்த வேலையை, ஊரின் நடுவில், கூலித் தொழிலாளியின் மகள் பார்க்கிறாள். இருநூறு ஆண்டுகளில் நிகழ்ந்த உண்மையான திசை மாற்றம் இதுவே. அவள் கண்டறிந்த தொகையை வசூலிக்கும் அதிகாரம் இன்னும் அலுவலர்களிடமே இருப்பதும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடமே இருப்பதும் அம்மாற்றத்தின் எல்லைகள்.

தேர்தலின் இடைவெளியும் திரும்பி வந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியபின், தருமபுரியின் ஊராட்சிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களிடம் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிய, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2020-இல் 18 வயதை எட்டிய ஒருவர் அந்நாள் வரை தம் ஊராட்சிக்கான பொதுத் தேர்தலில் ஒருமுறையும் வாக்களித்ததில்லை. கொரோனா காலத்தில் பல கூட்டங்கள் கைவிடப்பட்டபோதும், அதன்பின் நடந்த ஒவ்வொரு கிராம சபையிலும், மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தவர் தலைவராயினும் தனி அலுவலராயினும், வரவு செலவைப் படிக்கச் சொல்லும் உரிமை அந்த இளைஞருக்கு இருந்தது.