கயிறு ஏணியாக இருந்த காலம்

போன வாரம் பேத்தி கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். உயரத்திலிருந்து தொங்கும் ஒற்றைப் பருத்திக் கயிறு. ஒரு பெண் அதைத் தொடையிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு சட்டென்று தலைகீழாக விழுகிறாள். தரைக்குச் சற்று மேலே கயிறே இறுகி அவளைப் பிடித்துக்கொள்கிறது. முடிச்சு இல்லை, கீழே வலையும் இல்லை. "இவங்க சர்க்கஸ் குடும்பமா தாத்தா?" என்றாள். இப்போதெல்லாம் குடும்பம் தேவையில்லை என்றேன். "அப்புறம் எப்படி உள்ளே போனாங்க?" வரலாற்று வாத்தியாருக்கு இது போதாதா!

பழைய சர்க்கஸில் கயிறு பெரும்பாலும் ஏணிதான். மேலே உள்ள ட்ரபீஸுக்கோ வளையத்துக்கோ போகும் வழி. அந்த ஏற்றத்தையே ஜனங்கள் வாய்பிளந்து பார்க்கும்படி செய்தவர் லில்லியன் லைட்செல். 1892இல் ப்ரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். தாயும் அந்தரத்தில் வித்தை காட்டியவர். ஐந்தடிகூட உயரம் இல்லை. அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸில் கயிற்றைப் பற்றி உடலை உருட்டி உருட்டி மேலே போவார். உச்சியில் ஒரு மணிக்கட்டை மட்டும் கயிற்றுக் கண்ணியில் மாட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக முழு உடலையும் சுழற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் தோள்மூட்டு நழுவித் திரும்பச் சேரும். கூட்டம் உரக்க எண்ணும். நூறைத் தாண்டும். மணிக்கட்டுப் புண்ணோ ஆறுவதே இல்லை. 1931 பிப்ரவரி 13 அன்று கோபன்ஹேகனில் வளையத்தைத் தாங்கிய உலோகச் சுழலி முறிந்து விழுந்தார். 15ஆம் தேதி இறந்துபோனார். அந்த எண்ணிக்கைதான் எனக்கு உறுத்துகிறது. நூறு போதாது என்று கத்தியவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள்தானே?

லைட்செல் கதையைப் படித்தால், சர்க்கஸுக்குள் போக அதில் பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றும். முழுக்க அப்படியும் இல்லை. 1859இல் பாரிஸில் பறக்கும் ட்ரபீஸை முதன்முதலில் காட்டிய ஜூல் லியோத்தார், துலூஸில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய ஆசிரியரின் மகன். நம் பக்கத்தில், தலச்சேரியில் 1901இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணனும் உடற்பயிற்சி ஆசிரியர்தான். (எங்கள் பள்ளியில் பி.டி. சாரின் பீரியடைக் கேட்டு வாங்கிப் பாடம் நடத்திய பாவத்தில் எனக்கும் பங்குண்டு.)

கதவு அகலமாகத் திறந்தது பிரான்சில். 1974இல் பாரிஸில் இரண்டு சர்க்கஸ் பள்ளிகள் வந்தன. ஒன்றை நடத்தியவர் ஆன்னி ஃப்ராத்தெல்லினி, புகழ்பெற்ற கோமாளிக் குடும்பத்துப் பெண். வீட்டுச் சொத்தாக இருந்த வித்தையை அந்த வீட்டுக்காரரே ஊர்ப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்தார் என்பதுதான் அழகு. அப்போது அங்கே சர்க்கஸ் விவசாய அமைச்சகத்தின் கீழ் இருந்தது! எழுபதுகளின் கடைசியில்தான் பண்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. 1985இல் ஷாலோன் நகரில் தேசிய சர்க்கஸ் கலை மையம் வந்தது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். வித்தையோடு நடனமும் நாடகமும் பாடம். 1995இல் அங்கே படிப்பை முடித்த மாணவர்களை வைத்து நடன இயக்குநர் யோசெஃப் நாட்ஜ் ஒரு நிகழ்ச்சி செய்தார். தற்கால சர்க்கஸ் என்ற பெயர் நிலைபெற்றது அதையொட்டித்தான் என்பார்கள்.

இப்படி வந்த பிள்ளைகளுக்குப் பாட்டன் விட்டுப்போன வித்தை எதுவும் கிடையாது. அதனால் ஏன் ஏற வேண்டும், ஏன் விழ வேண்டும் என்று அவர்களால் கேட்க முடிந்தது. மேலே ட்ரபீஸ் இல்லாமலே கயிறு ஒரு முழு நிகழ்ச்சி ஆனது. ஷாலோனில் ட்ரபீஸ் படித்த க்ளோயி மோக்லியா இன்னும் ஒரு படி போய், வெறுமனே தொங்குவதையே கலையாக்கிக்கொண்டார். மிக மெதுவாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவார். கை நடுங்குவதும் மூச்சு வாங்குவதும் பார்ப்பவருக்குத் தெரியும். அங்கே யாரும் எண்ணுவதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பேத்தி, "நான் எங்கே போய்க் கத்துக்கிறது?" என்றாள். 2010இல் கேரள அரசு தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் அகாடமி தொடங்கியது. சில ஆண்டுகளில் அதுவும் நின்றுபோனது. இப்போதைக்குக் கொல்லை மாமரத்தில் ஒரு கயிறு கட்டித் தரச் சொல்கிறாள். நான் சரி என்றுவிட்டேன். அவள் அம்மாதான் இன்னும் சம்மதிக்கவில்லை.