அடுப்புச் சாம்பல் முதல் ஆசிட் பாட்டில் வரை

நம் குடியிருப்பில் இன்று யார் வீட்டிலாவது ஒரு பிடி அடுப்புச் சாம்பல் கிடைக்குமா? கேட்டால் சிரிப்பீர்கள். விறகடுப்பு எரிந்த காலத்தில் அதை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையில் அடுப்பை வழித்தால் சாம்பல், கொல்லையில் தேங்காய் நார், சமையலறையில் பழைய புளி. பாத்திரம் துலக்க இந்த மூன்றும் போதும். காசு கொடுத்து வாங்கியது புளியை மட்டும்தான், அதுவும் குழம்புக்காக.

விறகுச் சாம்பலில் உள்ள முக்கியமான காரம் பொட்டாசியம் கார்பனேட். அது எண்ணெய்ப் பிசுக்கை இளக்கி நீரோடு போகச் செய்யும். இது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம், உலகம் முழுவதும் அறிந்திருந்தார்கள். காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல்லே சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1790-ல் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை, சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறைக்குத்தான். துணிக்கு நம் ஊரில் உவர்மண் இருந்தது. புறநானூற்றின் 311-ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். களர் மண்ணில் சோடா உப்பு இருக்கும். அன்றைக்கு அதுதான் சலவைத்தூள்.

பிறகு சோடா தொழிற்சாலைக்குப் போனது. பிரான்சில் நிக்கோலா லெப்ளாங் 1791-ல் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கக் காப்புரிமை பெற்றார். 1860-களில் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே அதை இன்னும் மலிவாக்கினார். இன்று நீங்கள் மளிகைக்கடையில் வாங்கும் சலவைச் சோடாவும் ஆப்பசோடாவும் அந்த வழியில் வந்தவை, சாம்பலின் பங்காளிகள் என்றே சொல்லலாம்.

புளியின் வேலை வேறு. பித்தளையிலும் செம்பிலும் படியும் கறுப்பை அதன் டார்டாரிக் அமிலம் கரைத்துவிடும். ஆனால் விளக்கைப் புளியால் தேய்த்துவிட்டு அப்படியே வைத்துப் பாருங்கள், சீக்கிரமே மீண்டும் மங்கிவிடும். அதனால்தான் நம் பாட்டிமார் புளிக்குப் பிறகு சாம்பலோ விபூதியோ போட்டுத் தேய்த்தார்கள். மிச்சமிருக்கும் புளிப்பைக் காரம் முறித்துவிடும், பளபளப்பும் நிற்கும். எனக்கு இந்த வரிசைதான் பெரிய அறிவாகத் தோன்றுகிறது. ரசம் வைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசியதும் இதே காரணத்தால்தான். வெளியே கறுப்பைக் கரைக்கும் புளி, உள்ளே உலோகத்தைக் கரைக்காமல் விடுமா? எவர்சில்வர் வந்த பிறகு புளிக்குப் பூஜையறை மட்டும் மிஞ்சியது. கார்த்திகைக்கு விளக்கு துலக்கச் சாம்பல் வேண்டுமென்றால், கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரி வண்டி பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும்.

ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது வேறு, இரண்டையும் கலந்து ஊற்றுவது வேறு. இப்போது வீடியோக்களில் ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து பொங்க விடுகிறார்கள். பொங்குவது பார்க்க அழகுதான். பொங்கி முடிந்ததும் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்து, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். தனித்தனியாக இரண்டுமே நன்றாக வேலை செய்யும்.

வேறொரு கலவை உயிருக்கே ஆபத்து. எலுமிச்சைச் சாற்றிலிருந்து 1784-ல் சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தவர் சுவீடனின் மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. அவரே 1774-ல், நாம் பாத்ரூமில் ஊற்றுகிற அதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு மாங்கனீசுத் தாதுவோடு வினைபுரியச் செய்தபோது பச்சை மஞ்சளாக ஒரு வாயு வந்தது. அதுதான் குளோரின். 1799-ல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் அந்த வாயுவை நீற்றிய சுண்ணாம்பில் ஏற்றிப் பிளீச்சிங் பவுடர் செய்தார். அந்தப் பவுடர்மேல் ஆசிட் ஊற்றினால் அடைத்து வைத்த வாயு மறுபடி வெளியே வரும். 1915-ல் போர்க்களத்தில் ஆட்களைக் கொன்ற வாயு அது. ஜன்னல் இல்லாத நம் குளியலறைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

தரையும் மாறிவிட்டது. மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர் எது பட்டாலும் மெருகு போய்விடும், துடைத்தாலும் திரும்பாது. அந்தக் கற்களுக்கு வெந்நீரும் சில துளி பாத்திர சோப்பும் போதும். டைல்ஸ் தாக்குப் பிடிக்கும், ஆனால் டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமென்ட் பூச்சு தாக்குப் பிடிக்காது. வாராவாரம் ஆசிட் ஊற்றினால் அது அரித்துப்போகும், தண்ணீர் இறங்கும், கடைசியில் கீழ் வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரியும். அப்புறம் செலவு யாருடையது என்று மாதாந்திரக் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் நமக்காக உழைக்கும் பாக்டீரியாக்களுக்கும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஆகாது. குளியலறைத் தரைக்குச் சலவைச் சோடாவைச் சுடுநீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, கையுறை போட்டுக்கொண்டு தேயுங்கள். சோப்புப் பிசுக்கு நன்றாகவே விட்டுவிடும்.