இசைக்கருவிகளை வகைப்படுத்திய வரலாறு: உரையாசிரியர் முதல் விக்கி வரை

பலர் சேர்ந்து எழுதும் ஓர் இசைக்கருவி விக்கியில் கட்டுரை எழுதுவதைவிட, எழுதியவற்றை அடுக்குவதே கடினமான வேலை. ஒருவர் 'தோல் கருவிகள்' என்று ஒரு பகுப்பு தொடங்குவார். இன்னொருவர் அதையே 'தோற்கருவிகள்' என்று எழுதுவார். மூன்றாமவர் 'மேளங்கள்' என்பார். பறை ஒன்றிலும் தவில் மற்றொன்றிலும் பம்பை வேறொன்றிலும் போய்ச் சேரும். மூன்றையும் ஒப்பிட்டுப் படிக்க வருபவருக்கு மூன்றில் ஒன்றுதான் கண்ணில் படும்.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. கருவிகளை எந்த வரிசையில் எழுதுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற தீர்ப்பும் சில வேளைகளில் அந்த விடைக்குள் ஒளிந்திருந்தது.

பழைய பகுப்புகள்

நாட்டிய சாத்திரத்தின் 28-ஆம் அத்தியாயம் கருவிகளை நான்காகப் பிரிக்கிறது: நரம்பு கட்டியவை, தோல் போர்த்தவை, கெட்டிப் பொருளால் ஆனவை, துளையுள்ளவை. தமிழ் மரபில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்ற பெயர்கள் வழங்குகின்றன. குரலையும் ஒரு கருவியாகக் கொண்டு மிடற்றுக்கருவி என்பதும் உண்டு. ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்பதே இந்தப் பகுப்புக்கு அடிப்படை.

தமிழில் வேறொரு வரிசையும் இருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை நீண்ட பட்டியலாகத் தந்து, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாகப் பிரிக்கிறார். மத்தளம் முதலியவை உத்தமம் எனப்பட்டு அகமுழவில் வருகின்றன. கணப்பறை அதமம் எனப்பட்டுப் புறமுழவில் நிற்கிறது. சாவு வீட்டில் ஒலிக்கும் நெய்தற்பறைக்குப் புறப்புறமுழவில் இடம். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் பல கருவிகளின் பெயர்கூட நமக்குக் கிடைத்திராது. ஆனால் கருவி ஒலிக்கும் இடத்தையும் அதற்குத் தந்த மதிப்பையும் கொண்டு அமைந்த வரிசை இது. இதில் மத்தளமும் பறையும் ஒரே படியில் நிற்க வழியில்லை.

கல்கத்தாவிலிருந்து பிரசல்சு

ஐரோப்பாவில் நரம்பு, காற்று, தட்டு என்ற மூன்று வகைப் பிரிவு வாத்தியக் குழுக்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அதில் பியானோவை எங்கே வைப்பது? ஒலிப்பது கம்பி, அதை அடிப்பதோ சுத்தியல். உலகெங்குமிருந்து கருவிகள் அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தபோது குழப்பம் பெருகியது.

1876-இல் கல்கத்தாவைச் சேர்ந்த சௌரீந்திர மோகன் தாகூர், பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். மறு ஆண்டு பிரசல்சு இசைக்கல்லூரியில் தொடங்கிய கருவி அருங்காட்சியகத்துக்கு இவை அடித்தளங்களில் ஒன்றாயின. அதன் காப்பாளர் விக்டர் சார்லஸ் மஹியோன் 1880 முதல் 1922 வரை ஐந்து தொகுதிகளாக ஒரு விளக்கப் பட்டியலை வெளியிட்டார். அதில் கருவிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தார்: தானே ஒலிப்பவை, தோல் உடையவை, காற்றால் ஒலிப்பவை, நரம்பு உடையவை. இதற்கு இந்திய நால்வகைப் பகுப்பு தூண்டுதலாக இருந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கஞ்சம் என்ற சொல் வெண்கலத்தைக் குறிக்கும். அந்தப் பெயரின் கீழ் மண்ணால் செய்த கடம் இயல்பாகப் பொருந்தாது. 'தானே ஒலிப்பவை' என்றால் கடமும் வரும், ஜாலராவும் வரும். வகுப்பின் பெயரை எப்படி வைக்கிறோம் என்பதே சில கருவிகளுக்கு வாசலைத் திறக்கிறது, சிலவற்றுக்கு அடைக்கிறது.

பெர்லினில் எண்கள்

1914-இல் பெர்லினில் எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டல், கூர்ட் சாக்ஸ் ஆகிய இருவரும் மஹியோனின் நான்கு வகுப்புகளை விரித்து ஒரு முறையை வெளியிட்டனர். நூலகங்களில் வழங்கும் டூயி தசம எண் முறையை அவர்கள் கருவிகளுக்குக் கொண்டுவந்தார்கள். 1 என்றால் தானே ஒலிப்பது, 2 தோல், 3 நரம்பு, 4 காற்று. பின்வரும் ஒவ்வோர் இலக்கமும் ஒரு படி நுணுக்கத்தைக் கூட்டும்.

ஒரே பெயர் பல கருவிகளுக்கும், பல பெயர்கள் ஒரே கருவிக்கும் வழங்குவதால் பெயரை நம்பி அடுக்க முடியாது. எண்ணுக்கு மொழி இல்லை. மதிப்பும் இல்லை. இந்த முறையில் உடலின் ஆழம் தோல்வட்டத்தின் ஆரத்தை மிஞ்சாத முரசு 211.3 என்ற சட்ட முரசுப் பிரிவில் அடங்கும். பறைக்கும் அந்த எண்தான். சபா மேடையில் ஒலிக்கும் கஞ்சிராவுக்கும் அந்த எண்தான். உத்தமம், அதமம் என்ற படிகள் இங்கே இல்லாமல் போயின.

இந்த முறைக்கும் குறை உண்டு. பறையை யார் அடித்தார்கள், எந்தத் தெருவில் அடிக்க வைக்கப்பட்டார்கள், பின்னர் அது எப்படி உரிமைக் குரலாக மேடை ஏறியது என்பதை 211.3 என்ற எண் சொல்லாது.

மின்னணுக் கருவிகளும் ஓர் அட்டவணையும்

மின்சாரத்தால் ஒலிக்கும் கருவிகள் பெருகியபோது, 1940-இல் சாக்ஸ் தம் நூலில் ஐந்தாவது வகுப்பைச் சேர்த்தார். துருத்தி அமுக்கி வாசிக்கும் சுருதிப் பெட்டி 4-ஆம் வகுப்பு; மின்னணுச் சுருதிப் பெட்டி 5-ஆம் வகுப்பு. பெயரும் பணியும் ஒன்றே, இடம் மட்டும் வேறு.

மின்னணுக் கருவிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றதோடு பேசாது. 1983 ஜனவரியில் அமெரிக்க வணிகக் கண்காட்சி ஒன்றில் இருவேறு நிறுவனங்களின் விசைப்பலகைகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு 'மிடி' தரநிலை வெளியானது. அந்தத் தரநிலைக்கு ஓர் எளிய அட்டவணையும் உண்டு. முதல் நிரலில் செயலின் பெயர், அடுத்து அனுப்புமா, அடுத்து ஏற்குமா, கடைசியில் குறிப்பு. உண்டு என்றால் வட்டம், இல்லை என்றால் பெருக்கல் குறி. கையேட்டை எந்த நிறுவனம் அச்சிட்டாலும் அட்டவணையின் வடிவம் மாறாது. ஒன்றின் 'அனுப்புமா' நிரலை மற்றதன் 'ஏற்குமா' நிரலுக்குப் பக்கத்தில் வைத்தால், இரண்டும் எதில் ஒத்துப்போகும் என்று வாங்குபவரே கண்டுகொள்ளலாம்.

விக்கியில்

1995-இல் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கினார். 2001-இல் விக்கிப்பீடியாவும் 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் வந்தன. அருங்காட்சியக அலமாரியில் ஒரு கருவிக்கு ஓர் இடம்தான். விக்கியிலோ ஒரே பக்கத்தைப் பல பகுப்புகளில் சேர்க்கலாம். பழைய முறைகள் ஒன்றையொன்று தள்ளிவைத்த செய்திகள் எல்லாம் இங்கே சேர்ந்து இருக்க முடியும்.

அதற்குச் சில ஒழுங்குகள் தேவை. அமைப்பைச் சொல்லும் எண் தகவற்பெட்டியில் இருக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவின் இசைக்கருவி வார்ப்புருவில் ஹார்ன்போஸ்டல்–சாக்ஸ் எண்ணுக்குத் தனி இடமே உண்டு. தப்பு, தப்பட்டை, பறை என்று ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களுக்கு வழிமாற்றுகள் வேண்டும். அப்போது தன் ஊர்ப் பெயரைத் தட்டுபவரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். வட்டாரம், சடங்கு, வாசிப்பவர் ஆகியவை தனித்தனிப் பகுப்புகளாக வேண்டும். அவற்றை மேல் கீழாக அடுக்கக் கூடாது. பொருள், அளவு, கட்டும் முறை, சுருதி சேர்க்கும் முறை, வரலாறு என்ற தலைப்புகள் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையில் வர வேண்டும். இடம் காலியாக இருந்தாலும் தலைப்பு இருக்கட்டும். தெரிந்தவர் ஒருவர் நாளை நிரப்புவார்.

யாழைப் பற்றி இலக்கியம் நிறையப் பேசுகிறது. ஆயினும் அதன் அளவையும் கட்டும் முறையையும் சொல்வதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். பம்பைக்குத் தோல் பதப்படுத்துபவரும் தவிலுக்கு வார் பிடிப்பவரும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அந்தத் தலைப்பு வரிசையே எழுதுபவருக்கு நினைவூட்டும்.