மரத்தில் சிக்கிய பூனையை இறக்குவது யாருடைய வேலை?



மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்தும் பூனைக்கெல்லாம் வரலாறு எழுத வேண்டுமா என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாசியுங்கள். இந்தச் சின்ன விஷயத்துக்குள் நமது மார்க்கமும் வக்பு வரலாறும் நாட்டின் சட்டமும் வருகின்றன.

முதலில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குவோம்.

அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபி அபூ ஹுரைரா (ரழி) அவர்கள். தவ்ஸ் கோத்திரத்தவர். ஹிஜ்ரி 7இல் மதீனா வந்து சேர்ந்தவர். 'அபூ ஹுரைரா' என்றால் பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள். இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அவரே சொல்லியிருப்பது திர்மிதியில் பதிவாகியுள்ளது. அவர் தன் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்தார். அவரிடம் ஒரு சிறிய பூனைக்குட்டி இருந்தது. இரவானதும் அதை ஒரு மரத்தில் வைத்துவிடுவார். பகலில் தன்னோடு கொண்டு போய் அதனுடன் விளையாடுவார். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர்.

நிலத்தில் திரியும் பிராணிகளுக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று அப்படிச் செய்தாரோ என்னவோ. என்னை நிறுத்தியது வேறொன்று. இரவில் ஏற்றி வைத்தவர், விடிந்ததும் மறக்காமல் இறக்கியும் விட்டார். தினமும் செய்தார். குட்டி மீது அவருக்கு இருந்த அன்பு அந்த அன்றாட வேலையில்தான் தெரிகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நபி (ஸல்) அவர்களுக்கு 'முஇஸ்ஸா' என்றொரு பூனை இருந்தது, அது தூங்கியபோது அதை எழுப்பாமல் ஆடையின் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஹதீஸ் தொகுப்புகளில் அதற்கு ஆதாரம் இல்லை. அதே மாதிரியான சம்பவம் ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1182) வபாத்தான, ஈராக்கைச் சேர்ந்த ஷெய்க் அஹ்மத் அர்ரிபாஈ (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. நம் நாட்டில் இன்றும் ரிபாஈ ராத்திப் ஓதப்படுகிறதே, அவர்கள்தான். ஆதாரமான ஹதீஸ்களே நமக்குப் போதும். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. பயணத்தில் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்து வந்தபோது, தாய்ப் பறவை தவிப்பதைக் கண்ட நபியவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூ தாவூதில் உண்டு. எடுத்தவர்களே திரும்பக் கொண்டு போய் வைக்க வேண்டும் என்பது அதன் பாடம்.

சரி, தனி மனிதர் செய்த நன்மை அவரோடு முடிந்து விடக்கூடாது என்பதற்காகத்தான் நம் முன்னோர் வக்பைக் கண்டார்கள். பூனைகளுக்கும் வக்பு இருந்தது.

எகிப்தை 1260 முதல் 1277 வரை ஆண்டவர் மம்லூக் சுல்தான் அல்மலிக் அழ்ழாஹிர் பைபர்ஸ். மங்கோலியரை ஐன் ஜாலூத்தில் தோற்கடித்த படையின் தளபதிகளில் ஒருவர். போர்க்களத்தில் இரக்கம் காட்டியவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கெய்ரோவின் வடக்கே தன் பள்ளிவாயலுக்கு அருகில் இருந்த ஒரு தோட்டத்தை, கவனிப்பாரற்ற பூனைகளின் உணவுக்காக எழுதி வைத்தார். மக்கள் அதைப் 'பூனைத் தோட்டம்' என்றார்கள்.

ஐந்நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு என்ன நடந்தது என்பதை எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். 1820களிலும் 30களிலும் கெய்ரோவில் வாழ்ந்து, எகிப்தியரின் வாழ்க்கை பற்றி 1836இல் நூல் வெளியிட்டவர். தோட்டம் பாழாகி விட்டது, திருத்தப் பெரிய செலவாகும் என்று சாட்டுச் சொல்லிப் பொறுப்பாளர்களே அதை விற்றார்கள். வாங்கியவர்கள் இன்னொருவருக்கு விற்றார்கள். கைமாறிக் கைமாறி, கடைசியில் பூனைகளுக்கு மிஞ்சியது வருடத்துக்குப் பதினைந்து குருஷ் நிலவாடகை மட்டும்.

ஆனாலும் பூனைகள் முற்றாகக் கைவிடப்படவில்லை. நமக்குக் காதி என்றால் விவாகமும் தலாக்கும்தான் ஞாபகம் வரும். அங்கே எல்லா வக்புகளுக்கும் காதியே காவலர். முன்னிருந்தவர்கள் விட்ட பிழைக்காக, பூனைகளின் செலவு அப்போதிருந்த காதியின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு நாளும் அஸர் நேரத்தில் அவருடைய பெரிய முற்றத்தில் இறைச்சிக் கழிவுகள் கொண்டு வந்து போடப்பட, ஊர்ப் பூனைகள் எல்லாம் கூடின. வீட்டுப் பூனை வேண்டாம் என்று நினைத்தவர்களும் அங்கேயே கொண்டு வந்து விட்டார்கள்.

இந்தக் கதையைப் பெருமைக்காக மட்டும் சொல்பவர்கள் அரைவாசியோடு நிறுத்தி விடுகிறார்கள். எழுதி வைத்தவரும் முஸ்லிம், விற்றவர்களும் முஸ்லிம்கள். கடைசியில் வேலையைச் செய்வித்தது, 'இது உன் பொறுப்பு' என்று ஒருவர் மேல் இருந்த கடமை.

அடுத்தது சட்டம். பிரித்தானியாவில் 1822இல் வந்த முதல் சட்டம் மாடு, குதிரை, ஆடு போன்றவற்றைத்தான் பாதுகாத்தது. 1824இல் லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் உருவானது. 1835இல்தான் வீட்டுப் பிராணிகளும் சட்டத்துக்குள் வந்தன. அந்த வழியில் இலங்கைக்கு வந்தது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். மரத்திலிருக்கும் பூனைக்குக் கல்லெறிந்து வேடிக்கை பார்ப்பது வதை என்று சொல்ல அது உதவும். ஆனால் பூனையை இறக்குவதற்கு யாரையும் அது மரத்தில் ஏற்றாது. செய்யக் கூடாததைச் சொல்லும் சட்டத்தால் அவ்வளவுதான் முடியும்.

பூனை ஏன் இறங்க முடியாமல் தவிக்கிறது? அதன் நகங்கள் பின்னோக்கி வளைந்தவை. ஏறும்போது பட்டையில் கொக்கி போல் மாட்டும். தலை கீழாக இறங்கும்போது பிடிக்காது. பின்பக்கமாக இறங்கினால் முடியும், அதைப் பல பூனைகள் பழகியிருப்பதில்லை. நம் அணில் பின்கால் பாதத்தைத் திருப்பிக்கொண்டு தலைகீழாக ஓடுகிறதே, தென்னமெரிக்காவின் மார்கே என்ற காட்டுப்பூனைக்கும் அது முடியும். வீட்டுப் பூனைக்கு முடியாது.

'விழுந்தாலும் காலில்தான் விழும், விடுங்க சேர்' என்று மாணவர்கள் சொல்வார்கள். 1987இல் நியூயோர்க் மிருக வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், மாடிகளிலிருந்து விழுந்து கொண்டு வரப்பட்ட 132 பூனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன என்றிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் பலவற்றுக்கு நெஞ்சிலும் முகத்திலும் காயம். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக மாட்டார்கள், ஆகவே அது கணக்கில் வராது. கணக்குப் பாடம் எடுப்பவர்கள் இதை வகுப்பில் சொல்லலாம்.

மேலை நாடுகளில் கதைப்புத்தகப் படங்களில் தீயணைப்பு வீரர்தான் ஏணி போட்டுப் பூனையை இறக்குவார். உண்மையில் இன்று பல தீயணைப்புப் படைகள் அதற்கு வருவதில்லை. ஏணி எட்டாது, அந்த நேரத்தில் எங்காவது வீடு எரிந்தால் என்ன செய்வது என்கிறார்கள். அது நியாயமும்கூட. அந்த இடத்தை நிரப்பியவர்கள் மரம் வெட்டும் தொழிலாளர்கள். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் மரமேறுவதையே தொழிலாகக் கொண்ட மைத்துனர்கள் இருவர் தொடங்கிய 'கனோபி கெட் ரெஸ்கியூ' இதற்குப் பேர் போனது. கூலி கேட்பதில்லை, நன்கொடையில் ஓடுகிறது. பெரிய கவண் ஒன்றால் பாரம் கட்டிய மெல்லிய நூலைக் கிளைக்கு மேலால் எறிந்து, அந்த நூலால் கயிற்றை இழுத்து, இடுப்புப் பட்டியோடு ஏறுவார்கள். வழுக்காமல் கயிற்றை இறுக்கும் முடிச்சு வகைகளுக்கு முன்னோடி, ஒஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் அறிமுகப்படுத்தியது. பூனையைத் துணிப் பைக்குள் போட்டுக் கொண்டு இறங்குவார்கள். இப்படி ஏறக்கூடியவர்களின் பெயர்ப்பட்டியல் மாநில வாரியாகத் தொகுக்கப்பட்டிருப்பதால், பூனை சிக்கினால் யாருக்குச் சொல்வது என்று மக்களுக்குத் தெரிகிறது.

நம் ஊருக்கு வருவோம். மரம் ஏறத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லையா? தென்னையில் ஏறித் தேங்காய் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் எழும்பி வரும் ஜனாஸா நலன்புரிச் சங்க இளைஞர்கள் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் தோணியோடு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆக இல்லாதது, இது இன்னாருடைய வேலை என்ற ஏற்பாடு மட்டும்தான். அதனால் பூனை கத்துகிறது, கூட்டம் கூடுகிறது, ஒருவர் வீடியோ எடுக்கிறார், சின்னப் பையன் ஒருவன் வீரம் காட்ட ஏறப் பார்க்கிறான்.

ஆகவே இளைஞர் கழகங்களுக்கும் பள்ளிவாயல் நம்பிக்கையாளர் சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். ஏறத் தெரிந்த மூன்று நான்கு பேரின் பெயரையும் இலக்கத்தையும் பள்ளிவாயல் அறிவித்தல் பலகையில் போடுங்கள். அவர்களுக்கு நல்ல கயிறும் இடுப்புப் பட்டியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர்கள். அல்லாஹ்வுக்காகச் செய்யுங்கள் என்று சொல்லிச் சும்மா ஏற்றாதீர்கள், ஸதகாவிலிருந்து அவர்கள் கூலியைக் கொடுங்கள். கூலி வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுடையது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது: நாயைக் கட்டுங்கள். கூட்டத்தைக் கலையுங்கள். மரத்தடியில் மீன் மணக்கும் சாப்பாடு வைத்துவிட்டு விலகிப் போங்கள். சத்தம் அடங்கிய இரவில் பல பூனைகள் தாமாகவே இறங்கி விடும். ஒரு நாள் கடந்தும் இறங்காவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள், நாட்கணக்கில் சாப்பிடாத பூனையின் ஈரல் பழுதாகும். கல்லெறியாதீர்கள், கிளையை உலுப்பாதீர்கள், தண்ணீர் பீச்சாதீர்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் யாரும் ஏறக்கூடாது, மின்சார சபைக்குச் சொல்லுங்கள். ஒரு பூனைக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பறிகொடுப்பது ரஹ்மத் ஆகாது.

பட்டியலில் பெயர் தர விரும்பும் சகோதரர்கள் வரும் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாயல் முன் விறாந்தையில் என்னைச் சந்தியுங்கள். கொப்பியும் பேனாவும் நான் கொண்டு வருவேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.